மணற்காட்டு மனு

நேற்று தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பட்டர்வொர்த் படகுக்காகத் துறையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், தோளில் குழந்தை. குழந்தையின் சட்டை மங்கிய வெள்ளை. கிட்டே போனபோது முதுகில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அழுக்கு என்று நினைத்தேன். அழுக்கில்லை. ஒரு ஆறு வளைந்து போயிற்று. அதன் கரையில் மிகச் சிறிதாக ஒரு எண். நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு.

நீ போடுகிற ஏழு.

சர்வே ஆபீசில் படம் வரைகிற துணியை வெந்நீரில் ஊறவைத்து, பசையைப் போக்கிச் சட்டை தைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். உடுக்கத் துணியில்லாத ஊரில் அதில் ஆச்சரியம் இல்லை. நீ வரைந்த ஏதோ ஒரு இடம் அந்தக் குழந்தையின் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி அப்படிப் பாக்குற, புள்ளைக்குக் கண்ணு பட்டுறப் போவுது" என்றாள்.

"கோடு நல்லா இருக்குக்கா."

"நல்லா இருக்கா? எத்தன தடவ வெளுத்தும் போவ மாட்டேங்குதுலா, சனியன்."

என் படகு வந்தது, போயிற்று. நான் ஏறவில்லை.

ஜப்பான்காரன் போய் நான்கு மாதம் ஆகிறது. ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதை வேலையிலிருந்து காலில் புண்ணோடு திரும்பிய ஒருவர் நீ செத்த சேதியைக் கொண்டுவந்து இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதமும் உன் அம்மாவிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று கிளம்பி, பாதி வழியில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். அதை முதலில் உன்னிடம் எழுதிப் பார்க்கிறேன். நீ பதில் பேசமாட்டாய் என்பதால் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது.

நாம் சந்தித்தது ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள். துறைமுகத் தெருவில் கிடந்தவர்களை எடுக்க ஆள் இல்லை. வெள்ளைக்காரன் தன் ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு ஓடப்போகிறான் என்று அப்போதே பேச்சு. ஒரு கடைக் கதவைப் பெயர்த்து அதில் பிணங்களை ஏற்றினோம். ஒரு முனையில் மூட்டை தூக்குகிற நான். மறுமுனையில் வெள்ளைக் கால்சட்டை போட்ட, ஆபீசில் ஏடு எழுதும் கிராணி வீட்டுப் பிள்ளை. மூன்றாவது பிணத்துக்குப் பிறகுதான் நீ வாய் திறந்தாய். "கொஞ்சம் ஆறுதலா நட மச்சான். எனக்குப் பாரம் தூக்கிப் பழக்கமில்லை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாளில், அந்த நாற்றத்தில், சிரித்தேன். நம் சிநேகம் அதில் தொடங்கியது.

உங்கள் ஆட்களை எனக்குப் பிடிக்காது. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக் கிராணிமார் ஏட்டில் எங்கள் பெயரை எழுதுவார்கள், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "ஏ கூலி" என்றால் போதும் அவர்களுக்கு. நான் இதைச் சொல்லிக் கத்தும்போதெல்லாம் நீ மறுத்துப் பேசியதில்லை. "ஓம், அப்பிடித்தான். வெக்கக்கேடு" என்பாய். மறுத்திருந்தால் உன்னை விட்டிருப்பேன்.

ஜப்பான்காரன் வந்த பிறகும் நீ அதே சர்வே ஆபீசில் அதே மேசையில் படம் வரைந்தாய். இரண்டாம் வருடம் அந்த உத்தரவு வந்தது. காலியாகக் கிடக்கும் நிலமெல்லாம் மரவள்ளிக்கு. வெள்ளைக்காரன் காலத்துப் படத்தை எடுத்து, எங்கெல்லாம் 'வேஸ்ட்' என்று எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புக் கட்டம் போடும்படி உன்னிடம் சொன்னார்கள். அன்று சாயங்காலம் நீ என்னைத் தேடிக்கொண்டு வந்தாய். முகம் செத்திருந்தது.

"தெற்குக் கரையில ஒரு மணல் கிடக்கு மச்சான். அதில வேஸ்ட் எண்டு எழுதினது நான். வேலைக்குச் சேர்ந்த புதுசில. இடத்தைக் கண்ணாலயும் பாக்கேல்லை. வடிவா எழுதோணும் எண்டு மட்டும் பார்த்தன். படத்தில எழுதிற சொல்லுத்தான் மச்சான் நிலத்துக்கு விதி."

"அதுக்கென்ன இப்ப? வெறும் மணலு. நட்டுட்டுப் போறான். ஊரே பசியில கெடக்கு, ஒனக்கு மணல் மேல இரக்கமா?"

"வந்து பார். பிறகு ஏசு."

டயருக்குப் பதிலாக ரப்பர் குழாயைக் கட்டிய சைக்கிளில், உன்னைப் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு போனேன். வழி முழுக்க உன்னைத் திட்டினேன். என் தங்கச்சிக்குக் கால் வீங்கியிருந்த நேரம் அது. மரவள்ளியை மட்டுமே தின்று வீங்கிய கால், அமுக்கினால் குழி விழும். எனக்கு அன்று நிலம் என்றால் சோறு. வேறு எதுவும் இல்லை.

பிறகு தென்னைகள் முடிந்தன. சவுக்கு மரங்கள் முடிந்தன. அந்த இடம் வந்தது.

இந்தத் தீவு முழுக்கப் பச்சை. மழை நிற்காத ஊரில் பிறந்தவன் நான், வெறுமையைப் பார்த்ததே கிடையாது. அங்கே மேடு மேடாக வெள்ளை மணல், கண் கூசுகிற வெள்ளை, கடல்வரைக்கும். கத்திக்கொண்டு வந்தவன் சைக்கிளை நிறுத்தி இறங்கினேன். காற்று மணலின் மேல் சின்னச் சின்ன வரியாக இழுத்திருந்தது. அந்த வரிகளில் நண்டு நடந்த தடம், குருவி நடந்த தடம். மனிதன் நடந்த தடம் ஒன்றுகூட இல்லை. மேட்டின் முதுகில் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து மணலைப் பிடித்துவைத்திருந்தது. நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுகிற மணலில் நின்று, "மணற்காடு" என்றாய். உங்கள் ஊரில் அப்படி ஒரு இடம் உண்டாம். உன் அப்பா சொல்லிக் கேட்டதாம். நீயும் பார்த்ததில்லை.

பாக் மாட் அங்கேதான் நம்மிடம் வந்தார். பக்கத்துக் கிராமத்து மீனவர், கம்பத்துக்காரர், வெற்றிலை வாயோடு. நாம் அரசாங்கத்து ஆட்கள் என்று நினைத்து முதலில் முறைத்தார். நான் துறைமுகத்து மலாயில் விஷயத்தைச் சொன்னதும் குனிந்தார். கடலிலிருந்து நூறு அடிகூட இருக்காது. இரண்டு கையாலும் மணலைத் தோண்டினார். முழங்கை ஆழம். தண்ணீர் ஊறியது. "குடி" என்றார்.

குடித்தேன். இனிப்பு. கடல் பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கிறது, என் வாயில் இளநீர் மாதிரி ஒரு தண்ணீர்.

"மூணு கம்பத்துக் கிணறும் இந்த மணலோட பிள்ளைகள்லா" என்றார் பாக் மாட். "அடுத்த குடாவில கொடியப் பிடுங்கி, மரத்த வெட்டிப் பயிர் வெச்சாங்க. ரெண்டு மழைக்காலம். மணல் பறந்துபோச்சு. கிணறெல்லாம் உப்பு. இப்ப அங்க பேய்கூட குடியிருக்கல."

எனக்கு அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை. நீ குருவிகளைப் பற்றியும் கொடியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாய். நான் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினேன். மணலை விட்டுவிடும்படி அரசாங்கத்துக்கு ஒரு மனு என்று முடிவு செய்து, கைநாட்டு வாங்க வீடு வீடாகப் போனபோதும் அப்படித்தான். மூன்று கம்பத்திலும் மலாய்க்காரர்கள், தோட்டத்திலிருந்து வந்து குடிசை போட்ட நம் ஆட்கள், கீரை போடும் சீனர்கள். யாரும் உடனே விரல் தரவில்லை. காகிதத்தில் பெயர் ஏறினால் தலை போகும் காலம். அந்தக் குடிசைகளில் ஒன்றில் இருந்த செல்லம்மா அக்காவின் புருஷனை ஏற்கெனவே சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அக்காதான் முதலில் கையை நீட்டினார்.

"அரிசிக்கும் இதே கட்டவெரலு, பெர்மிட்டுக்கும் இதே கட்டவெரலு, இப்ப மணலுக்குமா? தேஞ்சே போச்சு தம்பி. இந்தா, மிச்சம் இருக்கிறத வெச்சுக்க."

மைக்குச் சட்டிக்கரியும் தேங்காயெண்ணெயும். நாற்பது வீடு, நாற்பது கட்டைவிரல்.

இனி நான் சொல்ல வேண்டியது.

இங்கிலீசில் எழுதக்கூடாது. ஜப்பான் பாஷை நமக்குத் தெரியாது. மலாயில் எழுதினால் வாங்கிக்கொள்வார்கள். உனக்கு மலாய் வராது. சாப்பிட, வழி கேட்க நாலு சொல் தெரியும், அவ்வளவுதான். எனக்கு மலாய் வாயில் வரும், எழுத வராது. ஆகவே நான் மலாயைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நீ அதைப் பார்த்து இங்கிலீசு எழுத்தில், முத்து முத்தாகப் பெயர்த்தாய். பாக் மாட்டுக்கு அரபு மாதிரி எழுதுகிற ஜாவி எழுத்துத்தான் படிக்க வரும். உன் எழுத்தைத் தடவிப் பார்த்து, "அழகா இருக்குலா" என்றார். இப்படி மூன்று பேர் கையில் போன காகிதத்தை ஒருவரும் முழுசாகப் படிக்கவில்லை.

மணலுக்கு மலாயில் பாசிர். சந்தைக்குப் பாசர். மூட்டை தூக்கும் இடத்தில் நாங்கள் இரண்டையும் ஒரே மாதிரித்தான் விழுங்கிச் சொல்வோம். சொன்ன மாதிரியே எழுதினேன். ஒரு இடத்தில் இல்லை, மனு முழுக்கப் பாசர்.

'இந்தச் சந்தை எங்கள் முன்னோர் காலத்திலிருந்து இங்கே இருக்கிறது. மூன்று கம்பமும் உயிரோடிருப்பது இதனால்தான். தயவுசெய்து இதில் கை வைக்க வேண்டாம்.' நாற்பது கட்டைவிரலோடு, நீ எழுதிய அழகான எழுத்தில், அரசாங்கத்துக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். களவுச் சந்தையில் அரிசி விற்றவன் தலையைப் பாலத்தில் வைத்திருந்த வருடம் அது.

ஐப்பசியில் ஒரு காலை லாரி வந்தது. நீயும் நானும் அன்று அங்கே இருந்தோம், பதில் வந்ததா என்று கேட்கப் போயிருந்தோம். ஒரு அதிகாரி, ஏழெட்டுச் சிப்பாய்கள், மலாய் பேசும் ஒரு மொழிபெயர்ப்பாளன். விரல் வைத்தவர்களை வீட்டிலிருந்து இழுத்துவந்து, நம்மையும் சேர்த்து மணலில் மண்டியிட வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளன் மனுவை ஆட்டிக்கொண்டு, "சந்தை எங்கே?" என்றான்.

பாக் மாட் பணிவாக, "சந்தையா ஐயா? டவுன்ல இருக்கு" என்றார். கன்னத்தில் அறை விழுந்தது. "களவுச் சந்தைய எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" அடுத்த ஆளுக்கு அறை. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. தலையைத் திருப்பாமல் உன்னிடம் சொன்னேன்: "நான் தப்பா எழுதிட்டேன். மணல்னு எழுதல. சந்தைனு எழுதிருக்கேன்."

நீ என்னைப் பார்த்தாய். "விசரா" என்றாய், அவ்வளவு மெதுவாக. எழும்பப்போனேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "வாயைப் பொத்து. உனக்குத் தங்கச்சி இருக்கு."

அந்த நேரத்தில்தான் கடல் ஏறிச் சேற்றுத்திட்டை மூடியிருக்க வேண்டும். முதலில் ஒரு சத்தம், மழை வருகிற மாதிரி. வானத்தில் ஒரு மேகம் வளைந்தது. திரும்பியபோது முழுக்க வெள்ளையாகப் பளிச்சிட்டது, மறுபடி திரும்பியபோது பழுப்பாக மறைந்தது. உள்ளான் குருவிகள். எத்தனை ஆயிரமோ, எனக்கு எண்ணத் தெரியாது. தலைக்கு மேல் போனபோது காற்று அடித்து எங்கள் முகத்தில் மணல் தெறித்தது. மணல்மேட்டின் ஓரத்தில் அப்படியே இறங்கின. வெள்ளை மணல் ஒரு கணத்தில் உயிருள்ள தோலாகிவிட்டது. துப்பாக்கி பிடித்தவனையும் மண்டியிட்டவனையும் அவை பார்க்கவே இல்லை. எங்கிருந்தோ வருகின்றன, எங்கேயோ போகின்றன, நடுவில் நிற்க இந்த ஒரு இடம் வேண்டும். நாற்பது பேர் உயிர் தொங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் மேல் மயிர் கூச்செறிந்தது. அதை நினைத்தால் கோபம்கூட வருகிறது. என்ன மனிதன் நான்?

சிப்பாய்களில் ஒருவன் குருவிகளைக் காட்டி ஏதோ பெயர் சொன்னான். மற்றவனும் அதையே சொன்னான். சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி. அவர்கள் ஊருக்கும் அந்தக் குருவி போகும் என்று பிற்பாடு அறிந்தேன். அதிகாரி அசையாமல் நின்றான். அவன் நல்லவனாகிவிட்டான் என்று எழுதமாட்டேன். அடுத்த வாரம் அவனே டவுனில் ஒரு கிழவரை வெயிலில் நிறுத்திக் கொன்றான். ஆனால் அன்று ஒரு நிமிடம் அவன் வாயடைத்துப்போனான். அது உண்மை.

அந்த ஒரு நிமிடத்தில் நீ எழுந்துவிட்டாய். இரண்டு கையிலும் மணலை அள்ளி நீட்டி, நெஞ்சில் அடித்துக்காட்டி, தெரிந்த நாலு மலாய்ச் சொல்லை வைத்து, இதைத்தான் எழுதினேன், எழுத்து என்னுடையது, பிழை என்னுடையது என்று புரியவைத்தாய். தோண்டினாய். தண்ணீர் ஊறியது. முதலில் உன்னைக் குடிக்கச் சொன்னார்கள், பிறகு ஒரு சிப்பாய் குடித்தான், பிறகு அதிகாரி குடித்தான். மணலில் விரலால் படம் போட்டாய்: மேடு, கிணறுகள், சிப்பாய்கள் தங்கும் முகாம். அவர்கள் தண்ணீரும் இதிலிருந்துதான் போகிறது என்று ஒரு கோடு. நீ வரைந்த படங்களில் அதுதான் பெரியது. அடுத்த அலைக்குக்கூட அது நிற்கவில்லை.

அதிகாரியின் உத்தரவில் அங்கே ஒரு பலகை நடப்பட்டது. மரம் வெட்டக்கூடாது, மணல் எடுக்கக்கூடாது, பயிர் வைக்கக்கூடாது. நாற்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள். உன்னை மட்டும் லாரியில் ஏற்றினார்கள். பிழையாக எழுதி அதிகாரியை அலையவிட்டவனுக்குத் தண்டனை வேண்டும், சயாமில் படம் வரைய ஆள் வேண்டும். இரண்டும் ஒரே காகிதத்தில் முடிந்தது.

நான் மண்டியிட்டபடியே இருந்தேன்.

அக்கரையில், பிறை ஊர் ஸ்டேஷனில் ரயில் கிளம்புமுன் உன்னைப் பார்த்தேன். கன்னம் வீங்கியிருந்தது. நான் ஏதோ உளறத் தொடங்கினேன். நீ கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தாய்.

"நீ சரியா எழுதியிருந்தா அந்தக் கடதாசி ஃபைலுக்க கிடந்து செத்திருக்கும் மச்சான். மணலைப் பாக்க ஆர் வருவான்? சந்தை எண்டதாலதானே வந்தாங்கள். உன்ர பிழைதான்டா காப்பாத்தினது."

"நீ போறியே."

"படம் வரையிற வேலைதானே. பாரம் தூக்கச் சொல்லமாட்டாங்கள்."

தூக்கச் சொன்னார்கள். திரும்பி வந்தவர் சொன்னார். உன் கையில் பேனா ஒரு நாள்கூட இருக்கவில்லையாம்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். பழைய படத்தை மறுபடி மேசையில் விரித்தாயிற்று, நீ எழுதிய அந்தச் சொல்லோடு. இடிந்த துறைமுகத்தைக் கட்ட மணல் வேண்டுமாம். அந்தத் துறைமுகத்தில்தான் என் சோறு. கூட மூட்டை தூக்குகிறவர்கள் கேட்கிறார்கள்: "மணல் வந்தாத்தான்டா வேலை, நீ யாரு பக்கம்?" மணல் வேறு எங்கே எடுக்கலாம் என்று ஒரு வாரமாகப் பாக் மாட்டோடு கரை கரையாக நடந்து பார்த்து, இரண்டு ஆற்று முகத்துவாரங்களைக் குறித்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை புது மனுவைச் செல்லம்மா அக்கா வீட்டு முற்றத்தில் வைத்து உரக்க வாசித்தேன். ஒவ்வொரு சொல்லையும் தமிழிலும் மலாயிலும். சீனர்களுக்கு அவர்கள் ஆள் ஒருவர் சொன்னார். யாராவது தலையாட்டாமல் இருந்தால் மறுபடி வாசித்தேன். வெயில் ஏறி இறங்கும்வரை. இந்த முறை அறுபது வீடு. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: படத்தில் அந்தச் சொல்லை அழித்துவிட்டு, காத்துவைக்கும் நிலம் என்று எழுத வேண்டும். எப்போதைக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டேன். உன் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமுக்குத்தான் போக முடியவில்லை.

அங்கே உன் அம்மாவிடம் துக்கம் கேட்க வருகிறவர்கள், "ஒரு எழுத்துப் பிழையால இப்பிடி ஆச்சே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். அவர் ஒவ்வொருவரிடமும் அதையே சொல்கிறாராம்: "என்ர பிள்ளை எழுத்தில பிழை விடமாட்டான்." கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பெற்ற மனது, அப்படித்தான் சொல்லும் என்று வெளியே வந்து பேசிக்கொள்கிறார்கள்.

நீ நான் எழுதிக் கொடுத்ததைத்தான் எழுதினாய். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் சொல்வது உண்மை என்று தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

நாளைக் காலை போகிறேன். துரத்தினால் துரத்தட்டும். "அம்மா, நீங்க சொல்றது சரி" என்று ஆரம்பிப்பேன்.